அர்ச். இராயப்பரின் வாளும் நமது நாவும்



நமது இராயபுரம் அர்ச். இராயப்பரின் பெயரைத் தாங்கிய ஊர். வலை வீசிப் பிழைத்தவர் அப்போஸ்தலர்களுக்குத் தலைவரானதை நாம் பெருமையோடு சொல்லுகிறோம். ஆனால் அதே இராயப்பர் ஓர் இரவு வாளை உருவி ஒரு மனிதனை வெட்டினார் என்பதை மறந்துவிடுகிறோம்.

பூங்காவனத்தில் ஆண்டவரைப் பிடிக்க வந்தபோது, பிரதான குருவின் ஊழியனாகிய மால்குஸ் என்பவனின் வலது காது அந்த வாளால் அறுபட்டது. அப்போது சேசுநாதர் என்ன செய்தார்? மூன்று காரியங்களைச் செய்தார். முதலாவது, வாளை உறையில் போடக் கட்டளையிட்டார். இரண்டாவது, வெட்டுண்டவனின் காதைத் தொட்டுக் குணமாக்கினார். மூன்றாவது, வெட்டியவரைத் தள்ளிவிடவில்லை. உயிர்த்தெழுந்தபின் அவரிடமே தம் மந்தையை ஒப்புவித்தார்.

ஆயுதம் ஏந்திய கூட்டத்தாரைப் பற்றி நாம் பேசும்போது இம்மூன்றையும் நினைக்கிறோமா? பெரும்பாலும் ஒரு பெயரைச் சூட்டுவதோடு நிறுத்திவிடுகிறோம். ‘நக்சலைட்’ என்கிறோம், ‘தீவிரவாதி’ என்கிறோம். சட்டத்துக்குப் பெயர் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் வியாதிக்குப் பெயர் வைப்பது வேறு, மருந்து கொடுப்பது வேறு.

‘நக்சலைட்’ என்னும் பெயர், 1967-இல் மேற்கு வங்காளத்தில் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்த நக்சல்பாரி என்ற ஊரிலிருந்து வந்தது. நமது நாட்டிலோ அடுத்த ஆண்டே ஒரு கொடுமை நடந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, நமது கோயில்களில் பாலசேசுவுக்குக் குடில் ஜோடித்திருந்த அதே இரவில், கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. கூலி நெல்லைச் சற்று உயர்த்திக் கேட்டுச் சங்கம் சேர்ந்த தாழ்த்தப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் வெந்து மடிந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலச்சுவான்தார்கள் ஐகோர்ட்டில் விடுதலையானார்கள். 1980-இல், அவ்வழக்கில் முதன்மையாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருந்தவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அது நக்சலைட்டுகளின் செயல் என்றார்கள்.

அந்தக் கொலையால் மாண்ட ஒரு குழந்தையாவது திரும்பி வந்ததா? ஒரு மரக்கால் நெல்லாவது கூடிற்றா? இல்லை. அதே 1980 ஆகஸ்டில் திருப்பத்தூரில் வெடிகுண்டுக்கு இன்ஸ்பெக்டர் ஒருவரும் போலீஸ்காரர்களும் இரையானார்கள். பின்பு வட ஆற்காடு, தர்மபுரிப் பகுதிகளில் நடந்த போலீஸ் நடவடிக்கையில் இளைஞர்கள் பலர் மாண்டார்கள். இரு பக்கத்திலும் தாய்மார் அழுதார்கள். வாள் உறைக்குள் போகத்தான் வேண்டும்; இதில் ஆண்டவரின் கட்டளைக்கு விலக்கில்லை.

ஆனால் கவனியுங்கள். ஒரே பெயரின் கீழ் பலவித மனிதர் நிற்கிறார்கள். திட்டம் தீட்டுகிறவன் ஒருவன். உடன்பிறந்தாரை இழந்து பழிவாங்கத் துடிப்பவன் ஒருவன். கந்துவட்டிக்காரனிடமிருந்து தப்ப வழி தேடிப் போனவன் ஒருவன். இரவில் துப்பாக்கியோடு வந்தவர்களுக்குப் பயந்து ஒரு வேளை சோறு போட்டவன் ஒருவன். நால்வரையும் ஒரே கட்டாகக் கட்டி அடித்தால், சோறு போட்டவனும் துப்பாக்கி தூக்குவான். கூட்டம் குறையாது, பெருகும். களையைப் பிடுங்கும் அவசரத்தில் கோதுமையையும் பிடுங்கிவிடாதீர்கள் என்று ஆண்டவர் எச்சரித்தது இதற்கும் பொருந்தும்.

அறுபட்ட காதைத் தொட்டவர்களும் உண்டு. காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் கீழ்வெண்மணிச் செய்தி கேட்டு அந்தப் பகுதிக்கே போய்த் தங்கினார்கள். 1981-இல் ‘லாப்டி’ என்னும் உழுபவர் நில இயக்கத்தைத் தொடங்கி, நில உடைமையாளரோடு பேசி, கடன் ஏற்பாடு செய்து, நிலம் வாங்கி, ஏழைப் பெண்களின் பெயரிலேயே எழுதி வைத்தார்கள். கூலியை ஒழுங்குபடுத்த அரசாங்கமும் 1969-இல் ஒரு சட்டம் இயற்றியது. நிலமும் நியாயக் கூலியும் கிடைத்தவனை ஆயுதக்காரன் அழைத்தாலும், அவன் ஏன் போவான்?

மூன்றாவது காரியம் நமக்கு மிகக் கடினம். சேசுநாதர் தெரிந்துகொண்ட பன்னிருவரில் சீமோன் என்று ஒருவர். இன்றைய தமிழ் விவிலியம் அவருக்குத் ‘தீவிரவாதி’ என்றே அடைமொழி தருகிறது. உரோமை அரசுக்கு வரி வசூலித்த மத்தேயுவும் அதே பந்தியில் உட்கார்ந்தார். ஆண்டவர் பட்டத்தைப் பார்த்து அழைக்கவில்லை. ஆளைப் பார்த்து அழைத்தார். ஆயுதத்தைக் கீழே வைத்துத் திரும்புகிறவனுக்கு நாம் கதவைத் திறந்து வைத்திருக்கிறோமா?

பட்டம் சூட்டப்படுவதன் வேதனை வடசென்னைக்காரராகிய நமக்குத் தெரியாததா? சினிமாவில் ரவுடி வேண்டுமானால் நமது தெருவைத்தானே காட்டுகிறார்கள்! 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறினார்கள். அதன்பின் மீனவ ஊரார் பந்தல் போட்டு அமைதியாக உட்கார்ந்து நியாயம் கேட்டார்கள். அப்படிக் கேட்கிறவனையும் ‘கலகக்காரன்’ என்று தூற்றினால், அமைதியில் பயனில்லை என்று அவன் பிள்ளை நினைப்பான்.

ஆகையால் பெற்றோரே, வேலை கிடைக்காமல் கோபத்தோடு வீடு திரும்பும் மகனை ‘உருப்படாதவன்’ என்று சொல்லாதீர்கள். அவன் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள். கோபத்தில் நியாயமானதை ஒப்புக்கொள்ளுங்கள். கை ஓங்குவதை மட்டும் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் குடும்பச் செபத்தில் குண்டுக்குப் பலியான போலீஸ்காரரின் மனைவி மக்களையும், காட்டில் மாண்ட இளைஞனின் தாயையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வாளை உறையில் போட்டுத் திரும்பி வந்த நமது பாதுகாவலர் அர்ச். இராயப்பர் நமக்காக மன்றாடுவாராக. ஆமென்.