காண்டல், கருதல், உரை: மட்டக்களப்பின் ஏடுகளும் எண்ணிம நூலகத்தின் வாய்மையும்

ஒரு பொருளைப் பற்றி எழுதிவைக்கப்படும் விவரம் அப்பொருளை எந்த அளவுக்கு உண்மையாகக் காட்டுகிறது என்பது மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. எண்ணிம நூலகங்கள் பெருகியபின் அவ்வினா நூலகரின் அன்றாட வேலைக்குள்ளும் வந்துவிட்டது. ஏட்டுச்சுவடியோ அச்சுநூலோ ஒலிப்பதிவோ மின்னியற் கோப்பாக்கப்பட்டால் அது எண்ணிமப் பொருள் எனப்படும். அக்கோப்பைப் பற்றிய பெயர், காலம், மொழி, உரிமை முதலான தரவுகள் மீதரவு எனப்படும். பொருள் இன்னது என்று சொல்வது விவரண மீதரவு. அதன் பகுதிகள் எந்த ஒழுங்கில் அமைந்துள்ளன என்று சொல்வது கட்டமைப்பு மீதரவு. அதனை யார் ஆக்கினர், யார் காக்கின்றனர், யார் பார்க்கலாம் என்று சொல்வது நிருவாக மீதரவு. மீதரவு இல்லாத கோப்பைத் தேடுவோர் சென்றடைய வழியில்லை. அது இருந்தும் இல்லாததே. ஆகவே மீதரவை எழுதுபவர், பொருளுக்கு ஒரு சீட்டை ஒட்டுவதோடு நில்லாமல், அது என்ன என்று தீர்ப்பும் சொல்கிறார். அத்தீர்ப்பு எந்த அளவையின்மேல் நிற்க வேண்டும் என்பதை, மட்டக்களப்பு வாவிப் பகுதியின் கண்ணகி வழிபாட்டு ஏடுகளை முன்வைத்து ஆராய்வது பயனுடையது.

எழுவான்கரை, படுவான்கரை என வாவியின் இருபுறமும் விரிந்த மட்டக்களப்புத் தேசத்தில், இன்று அம்பாறை மாவட்டத்துக்குள் அடங்கும் காரைதீவு, தம்பிலுவில் ஆகிய ஊர்கள் உட்பட, கண்ணகை அம்மன் கோயில்கள் பல உள்ளன. ஆண்டு முழுவதும் சாத்தியிருக்கும் கதவு வைகாசியில் திறக்கப்பட்டு, கல்யாணக்கால் நடப்பட்டு, கண்ணகி வழக்குரை என்னும் நெடும் பாட்டு ஏட்டிலிருந்து படிக்கப்பட்டு, மதுரையை எரித்த தெய்வத்தின் சினம் ஆறத் திருக்குளிர்த்தி பாடப்படுவதோடு சடங்கு நிறைவுறுகிறது. இவ்வழக்குரையைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். அவரது ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இலும், எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ 1962இலும் வெளிவந்தன. அச்சேறாத ஏடுகளோ 1978 நவம்பர் சூறாவளிக்கும், 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்கும், நீண்ட போருக்கும் இடையே கிடந்தவை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதைக் கண்ட ஒரு சமூகத்துக்குப் பிரதி ஒன்று வேறிடத்தில் இருப்பதன் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம் இவ்வுணர்விலிருந்தே வளர்ந்தது.

நூலகம் தளத்தில் ஒரு நூலின் பக்கத்தைத் திறந்தால் நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என ஒரு சிறு அட்டவணை தோன்றும். இத்தகைய அட்டவணைகளுக்குப் பின்னால் உலகளாவிய நியமங்கள் உள்ளன. அவற்றுள் பெயர்பெற்ற டப்ளின் கோர், 1995இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடிய பணிமனையில் உருவாகத் தொடங்கியது. தலைப்பு, ஆக்கியோன், பொருள், விவரணம், வெளியீட்டாளர், பங்களிப்பாளர், காலம், வகை, வடிவம், அடையாளங்காட்டி, மூலம், மொழி, தொடர்பு, பரப்பு, உரிமை என்னும் பதினைந்து கூறுகளைக் கொண்ட அது, அச்சுநூலுக்கு எளிதில் பொருந்துகிறது. கோயிலில் படிக்கப்படும் ஏட்டுக்கு வரும்போது ஒவ்வொரு கூறும் ஒரு வழக்காக மாறுகிறது. பாட்டைக் கட்டியவர், ஏட்டைப் பெயர்த்தெழுதியவர், ஆண்டுதோறும் படிப்பவர் ஆகிய மூவரில் ஆக்கியோன் யார்? ஓலை வெட்டப்பட்ட ஆண்டு, பாட்டுப் பிறந்த காலம், அது உயிர்பெறும் வைகாசி ஆகியவற்றுள் காலம் என்ற கூறுக்கு உரியது எது?

இவ்வழக்குகளைத் தீர்க்கத் தமிழ்ச் சைவ மெய்யியல் ஓர் ஒழுங்கான கருவியைத் தருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், இறை, உயிர், தளை என்னும் முப்பொருளை நிறுவப் புகுமுன், அறிவு பிறக்கும் வழிகளை ஆராயும் அளவையியலை முன்வைக்கிறது. அளவைகளைப் பலவாக எண்ணுவோர் உண்டெனினும், காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அவை அடங்கும் என்பது அந்நூலின் முடிபு. காண்டலிலும் படிகள் உண்டு. ஏதோ ஒன்று உளது என்ற அளவில் நிற்பது விகற்பமில்லாக் காட்சி. அதற்குப் பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தையும் கூட்டி இன்னது எனத் தெளிவது விகற்பக் காட்சி. ஒருதலையாகத் துணியாதது ஐயக் காட்சி. ஒன்றை மற்றொன்றாகத் துணிவது திரிபுக் காட்சி. பெயரும் இனமும் பண்பும் தொழிலும் உடைமையும் சேர்ந்தால்தான் பொருள் தெளிவுபடும் என்ற இவ்வாய்வை, பட்டியலாக்கத்தின் மெய்யியல் அடிப்படை என்றே கொள்ளலாம். ஏட்டுக்கட்டை அவிழ்த்தவுடன் நூலகர் முன் இருப்பது விகற்பமில்லாக் காட்சி. மீதரவு அதனை விகற்பக் காட்சியாக்கும் முயற்சி.

இங்குதான் நியமங்களின் ஒரு குறை புலப்படுகிறது. ஓலையின் நீளம், எண்ணிக்கை, துளைகள், பூச்சியரிப்பு ஆகியவை கண்ணால் கண்டவை. எழுத்தின் வடிவத்தைக் கொண்டு மதிப்பிடப்படும் காலம் கருதலால் பெறப்பட்டது. இவ்வேடு இன்ன கோயிலுக்கு உரியது, இன்ன குடியினர் வழிவழியாகப் படித்து வருவது என்பது பிறர் சொல்லக் கேட்டது. மூன்றும் மூன்று வேறு உறுதிகளை உடையவை. ஒவ்வொன்றும் பிழைபடும் விதமும் வேறு. அட்டவணையிலோ இவை ஒரே எழுத்தில், ஒரே குரலில், ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. பின்னர் வரும் வாசகர் கேள்விப்பட்டதைக் கண்டதாகவும், ஊகித்ததை உறுதியாகவும் எடுத்துக்கொள்கிறார். எழுதியவரிடம் ஐயமாக இருந்தது வாசகரிடம் திரிபாகிறது. பொய் சொல்லும் எண்ணம் எவருக்கும் இல்லாதபோதும் பொய் பிறந்துவிடும் இடம் இதுவே.

ஏட்டின் ஈற்றில் பெயர்த்தெழுதியவர் இடும் குறிப்பை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். எழுதி முடித்த ஆண்டு, மாதம், நாள், எழுதியவர் பெயர், ஏட்டுக்குரியவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லி, சிலவேளைகளில் பிழை பொறுக்குமாறு வேண்டி முடியும் இக்குறிப்புகள், தமிழர் தம் கைப்பட எழுதிவந்த மீதரவு. ஆனால் அவற்றின் ஆண்டு பிரபவ முதலான அறுபதாண்டுச் சுழற்சியில் வரும் பெயராகவே பெரும்பாலும் இருக்கும். ‘விரோதி’ என்று எழுதியிருந்தால் அது 1829ஆகவோ 1889ஆகவோ 1949ஆகவோ இருக்கலாம். வெற்றிடம் வேண்டாமென்று 1889 என நிரப்புவது திரிபு. காலம் தெரியாது என விடுவது கண்டதையும் மறைப்பது. ஐ.எஸ்.ஓ. 8601 காலக்குறியீட்டு நியமத்தின் 2019ஆம் ஆண்டு இரண்டாம் பகுதி இதற்கு ஒரு வழி சொல்கிறது: பகர அடைப்புக்குள் [1829,1889,1949] என எழுதினால் இவற்றுள் ஏதோ ஒன்று என்பது பொருள், ஆண்டின்பின் வினாக்குறி ஐயத்தையும், அலைக்குறி அண்ணளவையும் குறிக்கும். ஐயத்தை ஐயமாகவே எழுதக் கணினிக்கும் ஓர் இலக்கணம் கிடைத்துவிட்டது. அதனைப் பயன்படுத்துவது நூலகரின் கடமை.

ஆக்கியோன் பற்றிய வினா இதனினும் ஆழமானது. சித்தியாரில் உரையளவை முதன்மையாக இறைவாக்கான ஆகமத்தையே குறிக்கும். தருக்க நூலார் அதனை நம்பத்தக்கோர் வாய்மொழி என விரித்துக்கொள்வர். கோயிலைப் பராமரிக்கும் வண்ணக்கரும், பூசை செய்யும் கட்டாடியாரும், ஏடு படிப்போரும் இப்பாட்டு அம்மனுக்கு உரியது என்று சொன்னால், அவ்வாக்கு அந்த வட்டத்துக்குள் நம்பத்தக்கோர் வாய்மொழி. அதனை ஆக்கியோன் என்னும் கூறில் இட்டுவிட்டால் வரலாறு மறைகிறது. நாட்டார் நம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டால் அப்பாட்டு எதற்காகப் பாடப்படுகிறது என்பதே மறைகிறது. சொன்னவரின் பொறுப்பு, சொன்ன நாள், கேட்டு எழுதியவர் ஆகியவற்றோடு உரையாகவே பதிவதுதான் நேர்மையான வழி. டப்ளின் கோரின் கூறுகள் யாவும் கட்டாயமற்றவை, எத்தனை முறையும் திருப்பி எழுதத்தக்கவை. ஆகவே நியமத்தை மீறாமலே, பெயர்த்தெழுதியவரையும் படிப்பவரையும் பங்களிப்பாளராகவும், சமூகத்தின் வாக்கை விவரணத்திலும் இடலாம்.

ஒன்று மற்றொன்றோடு ஒன்றேயா, வேறா என்னும் வினாவும் இப்பணியில் எழுகிறது. எண்ணிமக் காப்பில் ஒரு கோப்பு மாறவில்லை என்பதை உறுதிசெய்ய எஸ்.எச்.ஏ.-256 போன்ற கணிப்பு முறைகள் பயன்படுகின்றன. கோப்பின் எல்லாத் துணுக்குகளையும் கணித்து 64 இலக்கக் கைரேகை ஒன்றை அவை தருகின்றன. ஒரு துணுக்கு மாறினாலும் கைரேகை முற்றாக மாறும். ஏட்டு மரபில் ஒருமை இவ்வாறு அமைவதில்லை. ஊருக்கு ஊர் சொல் வேறுபட்டும், அடிகள் கூடியும் குறைந்தும் வழங்கினும் வழக்குரை வழக்குரையே. அதே கதை யாழ்ப்பாணத்தில் கோவலனார் கதை என வழங்குகிறது. சர்வதேச நூலகச் சங்கக் கூட்டமைப்பு 1998இல் வெளியிட்ட மாதிரி ஆக்கம், வெளிப்பாடு, வெளியீட்டு வடிவம், தனிப்படி என நான்கு படிகளைப் பிரித்து இச்சிக்கலைத் தணிக்கிறது. எனினும் அது ஆக்கத்தை ஓர் ஆசிரியர் உள்ளத்தில் தோன்றிய ஒன்றாகவே பெரிதும் எண்ணுகிறது. வழக்குரையின் ஒருமை அது செய்யும் செயலில், அதாவது தெய்வத்தின் வெம்மையைத் தணித்து ஊருக்கு மழையும் நலமும் வேண்டுவதில் உள்ளது. சித்தியார் ஐந்தனுள் ஒன்றாக எண்ணும் கன்மம் என்னும் கூறு இன்றைய நியமங்களில் மிக மெலிந்து கிடப்பது இதனால் தெரியவரும். எப்போது, எங்கே, எச்சடங்கின் எந்த இடத்தில் படிக்கப்படுவது என்பதைச் சொல்லாத விவரம், அவ்வேட்டின் ஒருமையைச் சொல்லாத விவரமே.

உரிமை என்னும் கூறு சமய வினாவை நேரே எழுப்புகிறது. பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியர் யார், அவர் மறைந்து எத்தனை ஆண்டு என்று கேட்கும். கோயில் மரபோ யார் படிக்கலாம், எந்நாளில் படிக்கலாம், எவர் முன் படிக்கலாம் என்று கேட்கும். படுவான்கரையின் மண்டூர் முருகன் கோயிலில் கப்புகனார் வாயைத் துணியால் கட்டி மௌனமாகப் பூசை செய்கிறார்; சொல்லாமையே வழிபாடாகும் இடத்தில் எல்லாவற்றையும் பதிவுசெய்து திறந்து வைப்பதே அறிவுக்குச் செய்யும் தொண்டு என்று வாதிடுவது பொருந்தாது. இச்சிக்கலைப் பிற நாட்டுப் பழங்குடியினரும் எதிர்கொண்டனர். ஆஸ்திரேலியாவின் வருமுங்கு மக்களோடு இணைந்து உருவான முகுர்த்து என்னும் மென்பொருள், அச்சமூகத்தின் வழக்குக்கேற்ப யார் எதைப் பார்க்கலாம் என்பதை வகுக்கிறது. 2010இல் தொடங்கிய லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ் முயற்சியின் மரபறிவுச் சீட்டுகளுள் பருவகாலத்துக்கு உரியது என்று அறிவிக்கும் சீட்டும் உண்டு. வைகாசியில் மட்டும் கதவு திறக்கும் கோயிலின் ஒலிப்பதிவுக்கு அது பொருந்தும். அச்சேறிய வழக்குரையைப் பூட்ட வேண்டிய தேவை இல்லை. ஆனால் இனிப் பதியப்படும் சடங்குகளுக்கு எல்லை வகுக்கும் உரிமை ஊராரிடமே இருக்க வேண்டும்.

நிலைபேறு பற்றியும் தெளிவு வேண்டும். தோற்றம், நிலை, ஒடுக்கம் என்னும் மூன்றுக்கும் உலகம் உட்பட்டது என்பது சைவ சித்தாந்தத்தின் தொடக்க நிலைப்பாடு. எண்ணிமப் பொருளும் அதற்கு விலக்கன்று. கோப்பு வடிவங்கள் வழக்கொழியும், வன்தட்டுகள் பழுதாகும். மீண்டும் மீண்டும் பெயர்த்து வைப்பதே காப்பு. 2005இல் முதன்முதல் வெளிவந்த பிரெமிஸ் என்னும் காப்பு மீதரவு அகராதி, பொருள், நிகழ்வு, செய்பவர், உரிமை ஆகியவற்றை இணைத்து, யார் எப்போது எதை மாற்றினர் என்று பதியச் சொல்கிறது. ஓ.ஏ.ஐ.எஸ். என்னும் ஐ.எஸ்.ஓ. 14721 மாதிரி இன்னும் ஒருபடி மேலே சென்று, காக்கப்படுவதைப் புரிந்துகொள்ளவல்ல ஒரு சமூகத்தைக் குறித்துக்கொள்ளுமாறு காப்பகத்தைப் பணிக்கிறது. குளிர்த்தியின் பொருளறிந்தோர் இல்லாமற்போனால், கோப்பு முழுதாக இருந்தும் காப்பு தோற்றதாகும்.

நல்ல விவரம் பொருளைக் கடந்தும் வாழும் என்பதற்கு மட்டக்களப்பே சான்று தந்துள்ளது. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் கொண்டு ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ ஆக வெளியிட்டார். அவர் பிறந்த ஆண்டிலேயே உ. வே. சாமிநாதையரின் சிலப்பதிகாரப் பதிப்பு வெளிவந்திருந்தது. நரம்பும் மரமும் அழிந்தபின், அவற்றைப் பற்றிய சொற்களே கருதலுக்கு இடமளித்தன. அச்சொற்கள் கவனத்தோடு எழுதப்பட்டிராவிட்டால் மீட்க ஒன்றும் இருந்திராது. தவறாக எழுதப்பட்டிருந்தால் இல்லாத ஓர் யாழ் பிறந்திருக்கும். இன்று மட்டக்களப்பின் ஏடுகளுக்கு எழுதப்படும் மீதரவும் இதே பொறுப்பை உடையது.

ஆகவே இப்பணியில் இறங்குவோர் மூன்றை நெறியாகக் கொள்ளவேண்டும். ஒவ்வொரு கூற்றும் காண்டலா, கருதலா, உரையா என்பதை அருகிலேயே குறிக்கவேண்டும். ஐயத்தை ஐயமாகவே எழுதவேண்டும். செயலையும் பருவத்தையும் எல்லையையும் கட்டாடியார், வண்ணக்கர், ஏடு படிப்போர் ஆகியோரை உடனிருத்திக் கேட்டு எழுதவேண்டும். நியமங்கள் அயலில் பிறந்தவை என்பதற்காக அவற்றைத் தள்ளத் தேவையில்லை. அவை இல்லையேல் இவ்வேடுகள் உலகின் தேடலுக்கு எட்டா. அந்நியமங்களுக்குள் தமிழின் அளவையியலைக் கொண்டு சேர்ப்பது இந்நிலத்து அறிஞர் உலக நூலகவியலுக்குச் செய்யக்கூடிய பங்களிப்பு. தெய்வத்தின் முன் படிக்கப்படும் ஏட்டைப் பற்றி எழுதும்போது, அறிந்ததை அறிந்த வழியோடு சொல்வதும் அறியாததை அறியாததாகவே விடுவதும் வாய்மை என்னும் அறமாகும்; நூலகரின் தொழில் அவ்வறத்தில் நிற்கும்போதுதான் அவர் காத்துவைப்பது நாளைய தலைமுறை நம்பத்தக்க சான்றாகும்.