சஞ்சயனை ஏன் உயிரோடு விட்டார்கள்?

பழைய வட ஆர்க்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து முடிகிற நாளில் எல்லோர் கண்ணும் படுகளத்துத் துரியோதனன் மேல்தான் இருக்கும். அவன் விழுவதற்குச் சற்று முன்னால், வியாச பாரதத்தின் சல்லிய பருவத்தில், அதிகம் பேசப்படாத ஒரு கட்டம் உண்டு. பாண்டவர் பக்கத்துச் சாத்யகியிடம் சஞ்சயன் பிடிபடுகிறான். இவனை வைத்துக்கொண்டு என்ன பயன் என்று திருஷ்டத்யும்னன் சிரிக்கிறான். சாத்யகி வாளை ஓங்குகிறான். அந்த நேரம் பார்த்து வியாசர் வந்து நிற்கிறார். இவனைக் கொல்லக் கூடாது, விட்டுவிடுங்கள் என்கிறார். சாத்யகி கைகூப்பி வழிவிடுகிறான்.

சஞ்சயனை இன்றைக்கு நிருபர் என்போம். கண் தெரியாத திருதராட்டிரனுக்குக் களத்துச் செய்தி அவன் வாய்வழியாகத்தான் வந்தது. ஆனால் அவன் ஒன்றும் அப்பழுக்கற்ற பார்வையாளன் இல்லை. கௌரவர் வீட்டுச் சோறு தின்றவன். கடைசி நாளில் தானும் சண்டையில் இறங்கித் தோற்றதாக அவனே சொல்கிறான். அப்படிப்பட்டவனுக்கு எதற்கு விலக்கு? போராட்டத்தில் பிடிபடும் நிருபரைப் பற்றி, கூட்டத்தோடு கூட்டமாக நின்றார், கல்லெறிந்தவர்களுக்கு நடுவில் இருந்தார் என்று இன்று போலீஸ் சொல்வதும் கிட்டத்தட்ட இதே வாதம்தான்.

வியாசர் காரணம் எதையும் விளக்கவில்லை. பிறகு நடப்பதைப் பார்த்து நாமே ஊகிக்க வேண்டியதுதான். கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, ரத்தக் காயத்தோடு ஊரை நோக்கி நடக்கிறான் சஞ்சயன். பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று அரண்மனையில் ஒரு தகப்பன் காத்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். நிருபரின் உயிருக்குக் காவல் கேட்பதும் களத்தில் இல்லாத அந்த மனிதனுக்காகத்தான்.

நிருபர் இல்லாத இடத்தில் என்ன ஆகும்? ஜவ்வாது மலைப் பக்கத்தைச் சேர்ந்தவர்களும் சித்தேரி மலைக்காரர்களுமாகத் தமிழர்கள் 20 பேரை 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப் படை சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்டியவர்கள் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பேருந்திலிருந்து ஆட்களை இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பித்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். அங்கே நடந்தது போராட்டம் அல்ல. ஆனாலும் இந்தக் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. நிருபர்கள் போய்ச் சேர்ந்தபோது உடல்கள் மட்டுமே கிடந்தன. கேமரா எட்டாத இடத்தில் ஒரு சொல்லுக்கு எதிராக இன்னொரு சொல் நிற்கும், அவ்வளவுதான்.

தூத்துக்குடியில் அப்படி ஆகவில்லை. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். சாதாரண உடையில், மஞ்சள் டி-ஷர்ட்டோடு வேன் கூரையில் குறி பார்த்த போலீஸ்காரரை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மறுநாள் மூன்று மாவட்டங்களில் இணையத்தைத் துண்டித்தார்கள். துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டமன்றத்துக்கு வந்தது. ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள் என்றது அது, 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னது.

சரி, அடி விழும்போது படம் பிடித்துக்கொண்டு நிற்பவர் பாவத்தில் பங்கு இல்லாதவரா? அத்வைதம் சொல்கிற சாட்சியை வினை தொடாது. நிருபரை அது தொடும். கேமராவைக் கீழே வைத்துவிட்டு விழுந்தவரைத் தூக்க வேண்டிய நேரமும் வரும். சஞ்சயனும் விலகி நின்று ஒப்பித்துவிட்டுப் போகவில்லை. இதெல்லாம் உன்னால் வந்த வினை என்று தனக்குப் படியளக்கும் அரசனிடமே திரும்பத் திரும்பச் சொல்கிறான். சேனல் முதலாளிகள் அந்தப் பகுதியை ஒருமுறை படிக்கலாம்.

பத்திரிகைக்கென்று தனி உரிமை கிடையாது, குடிமகனுக்கு உள்ளதுதான் அதற்கும் என்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னார். அமெரிக்காவின் போர்ட்லேண்டில் 2020 ஜூலையில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. கலைந்து போகச் சொல்லும் உத்தரவு நிருபர்களுக்கும் சட்டப் பார்வையாளர்களுக்கும் பொருந்தாது, அங்கே நின்றதற்காக அவர்களைக் கைது செய்யக் கூடாது என்றது. நம் நாட்டில் கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவில் இருக்கிறது. அதில் நிருபரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

நாளைக்கே அப்படி ஒரு வரியைச் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரசு அங்கீகார அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் என்று எழுதினால், அது சென்னைக்காரர்களுக்கு உதவும். ஜவ்வாது மலையடியில் ஆலங்காயம் மாதிரி ஊர்களில் செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, சொந்த பைக்கில் மலையேறுகிற பகுதிநேர நிருபர்களில் எத்தனை பேர் கையில் அந்த அட்டை இருக்கும்?