வள்ளியின் புனம்

வள்ளி வேடர் குலத்துப் பெண், தினைப்புனம் காத்தவள். அவளைத் தேடி முருகப்பெருமானே அந்தப் புனத்துக்குப் போனார்.

நாம் பால்குடம் எடுத்துப் போகும் பத்துமலைக் குகைகளில் நமக்கு முன்பே தங்கியவர்கள் தெமுவான் பூர்வகுடியினர். டெங்கில் அருகே அவர்களுடைய நிலத்தை 1995-இல் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக எடுத்தார்கள். மரத்துக்கும் வீட்டுக்கும் பணம் கொடுத்தார்கள், நிலத்துக்குக் கொடுக்கவில்லை. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2002-இல் உயர் நீதிமன்றமும், 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களின் நில உரிமையை ஏற்றன.

நான் பொறியியல் மாணவன். நாளைக்கு நான் போடும் சாலையும் யாரோ ஒரு வள்ளியின் புனத்தில் போகலாம். வரைபடத்தில் ‘காலி நிலம்’னு இருந்தாலும், அங்கே போய்க் கேட்காமல் கோடு போட மாட்டேன். நீங்களும் கேளுங்கள். அதுவும் முருக வழிபாடுதான்.