நூலின் இடமும் நீதியும்

'ளுல்மு' என்னும் சொல்லுக்கு அரபு மொழியறிஞர் கூறும் இலக்கணம் சிந்திக்கத்தக்கது. ஒரு பொருளை அதற்குரியதல்லாத இடத்தில் வைப்பதே ளுல்மு என்பர் அவர். அநீதி என்றதும் அடித்தலும் பறித்தலுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவ்விலக்கணமோ இடத்தைப் பற்றிப் பேசுகிறது. இதனை உரைத்துப் பார்க்க நூலகத்தினும் பொருத்தமான களம் வேறில்லை.

பெரியதொரு நூலகத்தில் ஒரு நூல் தன் தட்டினின்றும் பெயர்ந்து வேறொரு தட்டில் செருகப்படுமாயின், அது இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. களவுபோன நூலை இல்லையென்று எழுதி மீண்டும் வாங்கலாம். இடம் மாறிய நூலோ, பட்டியலில் இருப்பதாகக் காட்டித் தேடுவோரை ஏய்க்கும்.

அமெரிக்கரான மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறை அறிவுலகைப் பத்து வகுப்புகளாக்கி, ஒவ்வொன்றையும் மேலும் பப்பத்தாகப் பிரிக்கிறது. சமயம் 200; இலக்கியம் 800. புள்ளிக்குப் பின்வரும் இலக்கங்களை ஒவ்வொன்றாகவே ஒப்பிடல் வேண்டும். 122 என்பது 63-இனும் பெரிதாயிற்றே என்று மயங்கலாகாது. இன்றைய பதிப்புகளில் திருக்குர்ஆனுக்குரிய 297.122, நபிபெருமானார் வரலாற்றுக்குரிய 297.63-க்கு முன்னரே நிற்கும்.

ஆயினும் உரிய இடம் எதுவென்று முடிவு செய்வது எளிதன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை எங்கே வைப்பது? நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறாதலின் 297.63 என்பார் ஒருவர். தமிழ்க் காப்பியமாதலின் 894.811 என்பார் மற்றொருவர். இருவர் கூற்றும் மெய்யே; ஆனால், நூல் நிற்கக்கூடிய தட்டு ஒன்றுதான். அரபுத்தமிழ் நூல்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. எழுத்தை மட்டும் நோக்குபவர் அவற்றை அரபு நூல்களோடு சேர்த்துவிடுவார். அங்கே தமிழ் வாசகர் அவற்றைத் தேடார். அரபு வாசகருக்கோ எடுத்தாலும் பொருள் விளங்காது. கெடுநோக்கு ஏதுமின்றியே ஒரு நூல் ஊமையாக்கப்படுகிறது.

டியூயியின் 200-ஆம் வகுப்பில் 220 முதல் 289 வரை விவிலியத்துக்கும் கிறித்தவத்துக்கும் உரியவை. ஏனைய சமயங்கள் யாவும் 290-களில் அடங்கும், இஸ்லாத்துக்கு 297. இதனைக் குறைகூறுமுன் நம் முன்னோரையும் எண்ணுதல் நேர்மை. பக்தாதில் நூல் வாணிகம் செய்த இப்னு நதீம், ஹிஜ்ரி 377-இல் 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலைப் பத்து மகாலாக்களாக வகுத்தார். அரபு மொழியும் மார்க்கக் கல்வியும் முன்னே நிற்க, தத்துவமும் தொன்மையான அறிவியல்களும் ஏழாவதில் வந்தன. வகுப்பவன் தன் வீட்டு வாசலிலிருந்தே எண்ணத் தொடங்குகிறான். அது மனித இயல்பு. எனினும் மானியின் சமயத்தையும் இந்தியரின் கொள்கைகளையும் அவர் விட்டுவிடாமல் ஒன்பதாவதில் பதிவு செய்தார். தன்னிலிருந்து தொடங்குதல் குற்றமன்று; பிறரை ஒரு மூலையில் நெருக்கி அடைத்தலே குற்றம். டியூயி முறையின் 21-ஆம் பதிப்பு 1996-இல் 297-ஐ விரிவாக்கியமை அந்நெருக்கத்தைச் சிறிது தளர்த்தியது.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன், 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பில், ஒரு நூற்பொருளின் பல முகங்களையும் தனித்தனிக் குறிகளால் இணைத்துக் காட்டினார். அப்போதும் நூல் நிற்பது ஒரே இடத்தில்தான். இக்குறையை நிறைப்பது பட்டியல். ஆசிரியர், தலைப்பு, பொருள் என்று ஒரே நூலைப் பலவிடத்தும் பதிந்துவைத்தால், சீறாப்புராணத்தைச் சமயத்தில் தேடுபவரும் இலக்கியத்தில் தேடுபவரும் அதனிடமே வந்து சேர்வர். இடம் ஒன்றாயினும் வாயில் பலவாதல் கூடும். நூலுக்குச் செய்யும் நீதி இதுவே.

எஞ்சியது வாசகரின் கடமை. தேர்வுக் காலத்தில் பிறர்க்குக் கிட்டாதிருக்க நூலை வேறு தட்டில் ஒளிப்பவன், பொருளைத் திருடவில்லை. பலருடைய கல்வியைத் திருடுகிறான். எடுத்த இடம் மறந்துபோனால் ஏதேனுமோர் இடைவெளியில் செருகுதலும் தகாது. மேசைமேல் விட்டுச் செல்லலே முறை. அறியாத வினாவுக்கு 'லா அத்ரீ' – நான் அறியேன் – என்று விடைகூறுவது உலமாக்களின் மரபன்றோ! மேசைமேல் விடப்பட்ட நூலும் அத்தகையதொரு விடையே. அறிந்தவர் வந்து அதனை அதற்குரிய இடத்தில் சேர்ப்பார்.