இரண்டு உதயங்களின் தொலைவு

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கும், இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கலவுக்கும் இடையே ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். நடுவே இந்துமாக்கடல். இந்தத் தொலைவு அன்றும் இன்றும் ஒன்றுதான். அதைக் கடக்க எத்தனை மணி ஆகும் என்பதை மட்டும் ஒரு காலத்தில் காற்றிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

*

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் வான்வழி அதோடு அறுந்தது. மறு ஆண்டு குவாண்டாஸ் நிறுவனம் கேட்டலினா என்னும் கடல் விமானங்களைக் கொண்டு அதை மறுபடி இணைத்தது. பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து எழும்பினால் கொக்கல வாவியில்தான் இறங்கலாம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம். காற்று கைகொடுத்தால் 27 மணி நேரம்; மிக நீண்ட பயணத்துக்கு 32 மணி 9 நிமிடம் ஆயிற்று. ஒரே பயணத்தில் இரண்டு முறை பொழுது விடிந்தது. அதனால் ‘இரட்டைச் சூரியோதயம்’ என்றே இந்த வழிக்குப் பெயர்.

*

சுமார் 9,000 லிட்டர் எரிபொருள் நிரப்பிய பிறகு மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும்தான் இடமிருந்தது. அந்த 69 கிலோவை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒரு ஆள் எடை. போர்க்காலத்தில் இரு கண்டங்கள் ஒன்றுக்கொன்று அவசரமாகச் சொல்ல வேண்டியதெல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

*

எதிரியின் காதில் விழக்கூடாது என்று வானொலியை மௌனமாக வைத்திருந்தார்கள். ஜப்பானிய விமானங்கள் சுற்றும் பகுதியை இருட்டில் கடந்தார்கள். வழிகாட்டும் அதிகாரி நட்சத்திரங்களின் உயரக் கோணத்தை அளந்து, கணக்குப் போட்டு, கடல்மேல் தான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார். மேகம் மூடினால் காத்திருப்பார். ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்கள்: ஆல்டேர், வேகா, ரைஜெல், அன்டாரிஸ், ஸ்பைகா. ஸ்பைகாதான் நம் சித்திரை; அன்டாரிஸ்தான் கேட்டை. யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளைக்கு ஜாதகம் கணிக்கையில் பார்க்கும் அதே சித்திரையை, அந்த வாரமே ஒருவர் உயிர் பிழைத்துக் கரைசேர அளந்துகொண்டிருந்திருக்கலாம்.

இரு கரைகளிலும் காத்திருந்தவர்களின் நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை. விமானம் வாவியில் இறங்கும்வரை அது இருக்கிறதா என்றே தெரியாமல் ஒரு பகல், ஒரு இரவு. 1945 ஜூலை வரை 271 முறை கடந்தார்கள். ஒரு விமானம்கூடத் தொலையவில்லை.

*

2018 மார்ச்சிலிருந்து பெர்த்–லண்டன் நேர் விமானம் உண்டு. 14,500 கிலோமீட்டர், சுமார் 17 மணி நேரம். அந்த போயிங் 787-இன் ஜன்னல்களை ஒரு பொத்தானால் இருட்டாக்கலாம், பயணிகள் தூங்குவதற்காக. தூக்கம் நல்லதுதான். ஆனாலும் ஒரு உதயத்தையாவது அவர்களுக்கு விட்டுவைக்கலாம் என்று தோன்றுகிறது.

*

கொக்கலவில் விமானத் தளத்துக்காக ஒரு கிராமமே காலிசெய்யப்பட்டது. எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பூர்வீக வீடு தப்பியது. இன்று அது அருங்காட்சியக வளாகத்தில் நிற்கிறது. ஐந்து கேட்டலினாக்களையும் போர் முடிந்தபின் அமெரிக்காவுடனான குத்தகை விதிப்படி கடலில் மூழ்கடித்தார்கள். அவற்றில் ஒன்றையாவது அந்த வீட்டருகே, வாவிக்கரையில் விட்டுவைத்திருக்கலாம். இடம்பெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் நிலம் எதற்காகப் போனது என்று தொட்டுப் பார்த்திருப்பார்கள்.