அளவு ஜாக்கெட்

தைக்கக் கொடுக்கப் போனால், “அளவு ஜாக்கெட் கொண்டு வந்தீங்களா?” என்பதுதான் முதல் கேள்வி. நாம் கொடுக்கும் பழைய ஜாக்கெட்டை விரித்து, அதைப் பார்த்துப் புதுத் துணியில் கோடு போட்டு வெட்டுவார்கள். அந்தப் பழைய ஜாக்கெட்டும் அதற்கு முந்தைய ஒன்றைப் பார்த்து வெட்டியதாகவே இருக்கும். இப்படி, ஒரு பெண்ணின் உடம்பை ஒருமுறைகூட அளக்காமல் அவளுக்கு ஆயுள் முழுக்க உடை தைத்துவிட முடியும். இடையில் அவள் பிள்ளை பெற்றிருப்பாள், இளைத்திருப்பாள், பெருத்திருப்பாள், ஓர் அறுவை சிகிச்சையைத் தாண்டி வந்திருப்பாள். அளவு மட்டும் பழையதாகவே இருக்கும்.

அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு என் ஜாக்கெட்டை நானே தைத்துக்கொள்வதாகச் சொன்னபோது வீட்டில் முதலில் சிரிப்புதான் வந்தது. “காலேஜ்ல சம்பளம் வாங்குற, தையக்கூலி கொடுக்க மனசு வரலையா?” என்றார் அண்ணி. “இந்த வயசுல உனக்கென்ன இவ்ளோ ஆசை?” என்றார் பெரியம்மா. கேலிதான், கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால், என் மகள் சின்னவளாக இருந்தபோது தீபாவளிக்கு அவளுக்கு நானே கவுன் தைத்துப் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்து இதே இருவரும் “என்னமா பாசம் பாரு” என்று மெச்சியிருக்கிறார்கள்.

அதே மெஷின், அதே கை, அதே இரவுகள். பிள்ளைக்குத் தைத்தால் பாசம். தனக்குத் தைத்தால் கஞ்சத்தனம் அல்லது அழகுப் பித்து. ஒரு பெண்ணின் உழைப்பு யாரைச் சேர்கிறது என்பதை வைத்துத்தான் அதற்குப் பெயரிடுகிறோம். அப்படியானால், ஒரு பெண் தன் உழைப்பைத் தனக்கே கொடுத்துக்கொள்ளலாமா? அறவழியில் நியாயமான ஒன்றாக அதைக் கருத முடியுமா? ஒரு ஜாக்கெட்டுக்குப் பெரிய கேள்விதான். ஆனால் எனக்கு இது எங்கள் வீட்டுப் புகைப்படம் ஒன்றிலிருந்து வந்த கேள்வி.

1996இல் அண்ணனுக்குக் கல்யாணம். மணமக்களுக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையில் அம்மா நிற்கிறார். அன்று வந்திருந்த எங்கள் வீட்டுப் பெண்களில் பாதிப்பேர் போட்டிருந்த ஜாக்கெட் அம்மா தைத்தது. எனக்கு, சித்திகளுக்கு, அத்தைக்கு, மணப்பெண்ணுக்கு இரண்டு. தன்னுடையதை முதல்நாள் நள்ளிரவுக்கு மேல்தான் எடுத்தார். கொக்கி வைக்க நேரமில்லை. முந்தானைக்குள் மூன்று ஊக்குகளை மாட்டிக்கொண்டு மணமேடைக்கு வந்தார். படத்தில் அந்த ஊக்குகள் தெரியாது. அம்மாவின் இடது கை முந்தானையை இழுத்துப் பிடித்திருப்பது மட்டும் தெரியும். எல்லாப் படங்களிலும் அப்படியே பிடித்திருக்கிறார். அன்று அம்மாவுக்கு நாற்பத்தாறு. எனக்கு இப்போது நாற்பத்தைந்து.

எங்கள் முத்தியால்பேட்டை துணியால் வாழ்ந்த ஊர். தறிச்சத்தம் கேட்ட தெருக்கள் இங்கே இருந்தன. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரி வட்டாரத்தில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத்துணி, ‘கினே’ என்ற பெயரில் கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அங்கே அது வெறும் உடுதுணியாக இல்லை, பணமாகவே புழங்கியது. 19ஆம் நூற்றாண்டில் அதைக் கொடுத்துக் கருவேலப் பிசின் வாங்கினார்கள். அதற்கு முன்னால், இந்தியத் துணிகளைக் கொடுத்து மனிதர்களையே அடிமைகளாக வாங்கினார்கள். நெய்தவருக்கும் உடுத்தியவருக்கும் நடுவில் நின்றவர்கள்தான் அதன் விலையைத் தீர்மானித்தார்கள். ஒருவர் கையால் செய்த பொருள் அவருக்குத் தெரியாமலே யாருக்கோ சங்கிலியாக முடியலாம் என்பது எங்கள் ஊர்த் துணியின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஆகவே, கையால் செய்தது என்பதாலேயே ஒன்று புனிதமாகிவிடும் என்று நான் நம்புவதில்லை.

பிறகு மில்கள் வந்தன. சவானா, ரோடியர், கெப்ளே என்று இன்றும் பெரியவர்கள் பிரெஞ்சுப் பெயர்களையே சொல்வார்கள். எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளுக்காக நடந்த போராட்டத்தில், 1936 ஜூலை 30 அன்று போலீஸ் சுட்டு 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. மில் தொழிலாளியான என் அப்பா, ஜூலை 30ஐ எங்கள் பிறந்தநாள்களைவிட நன்றாக நினைவு வைத்திருந்தார். ஷிப்டு முடிந்து அவர் வீட்டுக்கு வரும்போது அம்மா மெஷினில் உட்கார்ந்திருப்பார். அவர் சாப்பிட்டுப் படுத்த பிறகும் அந்த மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். எட்டு மணி நேரத்துக்காக உயிர் கொடுத்த ஊரில், அம்மாவின் தையலுக்கு எத்தனை மணி நேரம் என்று யாரும் கேட்டதில்லை. தோழர்களை மதித்த அப்பாவும் கேட்டதில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கும் அன்று தோன்றவில்லை.

தையல் மெஷினைப் பற்றிக் காந்தி சொன்னதை மாணவிகளிடம் அடிக்கடி பேசுவேன். எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று 1924இல் அவரிடம் ஒருவர் கேட்டார். சிங்கர் தையல் மெஷினுக்கு அவர் விலக்களித்தார். தன் மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைப்பதைக் காணப் பொறுக்காமல் சிங்கர் அதை உருவாக்கினார், அதன் பின்னே அன்பு இருந்தது என்பது அவர் சொன்ன காரணம். கேட்க இதமான கதை. உண்மையில், 1851இல் காப்புரிமை பெற்ற ஐசக் சிங்கர் பணத்துக்காகத்தான் அதில் இறங்கினார். ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை வைத்திருந்தவர்; பல பெண்களிடம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவருக்கு. காந்தியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பெண் உழைக்கும் இடத்தில் அன்பு என்ற சொல் எவ்வளவு சுலபமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். மனைவியின் களைப்புக்கு மருந்தாகப் புகழப்பட்ட அந்த மெஷின், எங்கள் வீட்டில் அம்மாவின் இரவை இன்னும் நீளமாக்கியது. கையால் தைத்திருந்தால் இரண்டு ஜாக்கெட்டோடு நிறுத்தியிருப்பார். மெஷின் இருந்ததால் பன்னிரண்டு கேட்டார்கள்.

பெண்ணும் தையலும் சேர்ந்தாலே அது அடக்கத்தின் சின்னம் என்பது ஒரு பார்வை. பள்ளியில் எங்களுக்குத் தையல் வகுப்பு இருந்தது. அதே நேரத்தில் பையன்கள் மைதானத்தில் இருந்தார்கள். கணவனை இழந்தவளுக்கு அரசு தருவதும் தையல் மெஷின்தான். குனிந்த தலை, வாசலைத் தாண்டாத வருமானம் என்று அதற்கொரு கணக்கு இருக்கிறது. அதனால்தான் பெண்ணியம் பேசத் தொடங்கிய வயதில் நான் மெஷின் பக்கமே போகாமல் இருந்தேன். ஊசியைத் தொடாமல் இருப்பதே விடுதலை என்று நினைத்தேன்.

இந்த நினைப்பை மாற்றியது தென்கோடியின் வரலாறு. அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் உள்ளிட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. அங்கே பெண்கள் குப்பாயம் என்ற தைத்த மேல்சட்டையை அணிந்து வெளியே வந்தார்கள். சந்தையிலும் தெருவிலும் அது கிழித்தெறியப்பட்டது. திரும்பவும் அணிந்தார்கள். 1820களில் தொடங்கிய தோள்சீலைக் கலகம் 1859 வரை நீண்டது. கடைசியில் அந்த ஆண்டு வந்த அரச ஆணையும், மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக் கூடாது என்றே சொன்னது. துணியை அனுமதித்தவர்கள் அளவைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். அதே காலத்தில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர், லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். ஊசி அவர்களைக் குனியவைக்கவில்லை. அந்த உழைப்பின் பலன் அவர்களையே வந்து சேர்ந்ததுதான் காரணம்.

இதைப் படித்த பிறகுதான் நான் மெஷினுக்குத் திரும்பினேன். பிரச்சினை ஊசியில் இல்லை. தைத்தது யாருக்குப் போய்ச் சேர்கிறது, அளவை யார் வைத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கண்ணாடி முன் நின்று இன்ச் டேப்பால் என்னை நானே அளந்தேன். மார்புச் சுற்றளவு, தோள் அகலம், கழுத்து இறக்கம், கைக்குழி. என் வலது தோள் இடது தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பது அன்றுதான் தெரிந்தது. இருபது வருடம் புத்தகப் பையைச் சுமந்த தோள். எந்த அளவு ஜாக்கெட்டும் அதை எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் இதையெல்லாம் வெற்றிக்கதையாகச் சொல்லிவிட முடியாது. முதல் மூன்று நாள், கல்லூரி முடிந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, பதினொரு மணிக்குத்தான் மெஷினில் உட்கார்ந்தேன். இடது கையைத் தலைகீழாக வைத்துத் தைத்து, பிரித்து, திரும்பவும் தைத்தேன். மூன்றாம் இரவு, கண் எரிய உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது: நான் எனக்காக எதையும் செய்துகொண்டிருக்கவில்லை. இருக்கும் வேலைகளோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவைப் போலவே எல்லாரும் தூங்கிய பிறகு மிஞ்சிய நேரத்தைத்தான் எனக்கென்று எடுத்திருந்தேன். மிச்சத் துணியில் வெட்டிய ஜாக்கெட்டைப் போல மிச்ச நேரத்தில் வெட்டிய சுதந்திரம் அது.

நான்காம் நாள் கணவரிடம் சொன்னேன், “இந்த வாரம் ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு இல்லை.” அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஒரு ஜாக்கெட்டுக்காகவா?” என்றார். “ஆமா, ஒரு ஜாக்கெட்டுக்காகத்தான்” என்றேன். ஒரு மாநாட்டுக் கட்டுரைக்காக என்று சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். தனக்கு அழகாக ஒன்று வேண்டும் என்று சொல்வதற்குத்தான் வெட்கப்பட வேண்டியிருக்கிறது. அந்த வாரம் உப்புமாவும் கடைப் பரோட்டாவுமாகப் போனது. யாரும் இளைத்துவிடவில்லை. தனக்கான உழைப்பு என்றால், வேறு ஏதோ ஒன்றிலிருந்து நேரத்தைக் கழித்தாக வேண்டும். கழிக்காமல் கூட்டிக்கொண்டே போனால், அது தனக்காகவே செய்ததானாலும் சுரண்டல்தான்.

கை உட்காராமல் போனபோது, பின்தெருவில் வீட்டிலேயே தைத்துக்கொடுக்கும் அக்காவிடம் எடுத்துப் போனேன். ஐந்து நிமிடத்தில் சரிசெய்து காட்டினார். சிரித்துக்கொண்டே, “உங்களுக்கு இது ஆசை டீச்சர், எனக்குப் பொழப்பு. பொங்கலுக்கு நாப்பது ஜாக்கெட் தைச்சேன். எனக்கு ஒண்ணு தைச்சுக்க முடியல” என்றார். அவர் கழுத்துக்குக் கீழே ஓர் ஊக்கு மின்னியது. கூலி வேண்டாம் என்று மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தேன். பாசத்தால் செய்தது என்று நான் அதை வாங்கிக்கொண்டிருந்தால், அம்மாவுக்கு நடந்ததையே அவருக்கும் செய்தவளாவேன்.

அவர் சொன்னது என்னை விடவில்லை. திருப்பூரில் நாள் முழுக்க ஊருக்கெல்லாம் தைக்கும் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நூற்பாலைகளுக்குக் கூட்டிப்போன இளம்பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். தன் உடையைத் தானே தைப்பது எனக்குக் கிடைத்தது மாதச் சம்பளம் இருப்பதால். வேண்டாமென்றால் கடையில் கொடுத்துவிடலாம் என்பதால். வேண்டாம் என்று சொல்ல முடிகிறவளுக்குத்தான் அது சுதந்திரம். ஆகவே, எல்லாப் பெண்களும் தங்கள் உடையைத் தாங்களே தைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தைக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தனக்கொன்று தைத்துக்கொள்ளும் நேரமும் கூலியும் இருக்க வேண்டும் என்பேன். முன்னது பொழுதுபோக்கு, பின்னது நியாயம்.

கல்யாணத்தன்று காலை அம்மா என்னைத் திருப்பி நிறுத்தி, கையை மடித்து உள்தையலைப் பார்த்தார். “இடது கை கொஞ்சம் இழுக்குதுடி” என்றார். பிறகு, “உள்ள துணி விட்டிருக்கியா?” என்று கேட்டார். “ஒரு இன்ச் விட்டிருக்கேம்மா” என்றேன். வளரும் பிள்ளைகளின் உடைகளில் அம்மா எப்போதும் அப்படி விடுவார். தன்னுடையதில் விட்டதில்லை, விடுவதற்குத் துணி மிஞ்சியதில்லை.

கல்யாணம் முடிந்த வாரம் இன்ச் டேப்போடு அம்மாவிடம் போனேன். “எதுக்கு, பழைய ஜாக்கெட் ஒண்ணு கொண்டு போயேன்” என்றார். வேண்டாம் என்று சொல்லி அவரை நிற்கவைத்து அளந்தேன். எழுபத்து மூன்று வயதில், தைக்கத் தெரிந்த ஒரு பெண்ணின் உடம்பை முதல்முறையாக ஒருவர் அளந்தோம். கையைத் தூக்கச் சொன்னபோது இடது கையை மட்டும் நெஞ்சருகிலேயே வைத்திருந்தார். “அங்க ஊக்கு இல்லம்மா” என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கையைத் தூக்கினார்.