செய்த காயம்

பான்ஸாய் என்றதும் நம்மிடையே எழும் ஆட்சேபணை, அது மரத்தின் மீதான வன்முறை என்பது. கம்பி சுற்றி வளைப்பதும் வேரைக் கத்தரிப்பதும் கொடுமையாம். வேலி மருதாணியை மாதம் தவறாமல் வெட்டுகிறவர்களும் இதைச் சொல்கிறார்கள். என்னை உறுத்துவது வேறொன்று: ஜப்பானிய மரபில் ‘ஜின்’ என்றும் ‘ஷாரி’ என்றும் வழங்கும் வேலை.

ஜின், கிளையின் பட்டையை உரித்துச் செத்த கட்டையாக நிறுத்துவது. ஷாரி, அடிமரத்திலேயே பட்டையை நீளவாக்கில் உரித்தெடுப்பது. உரித்த இடத்தை உளியால் குடைந்து, நார் நாராகக் கிழித்து, காயவிட்டு, சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலைப் பூசினால் கட்டை எலும்பு போல வெளுத்துவிடும், உளுத்துப்போகாமலும் இருக்கும். பெரும்பாலும் ஜூனிப்பரில்தான் இதைச் செய்கிறார்கள். ஷிகோகு தீவின் இஷிஸுசி போன்ற மலைகளில் பனியும் காற்றும் உருளும் கல்லும் அந்த மரத்துக்கு இதைத் தாமாகவே செய்துவந்தன. சேகரிப்பவர்கள் பாறை இடுக்குகளிலிருந்து பெயர்த்தெடுத்து மலையை ஏறக்குறையக் காலிசெய்துவிட்டார்கள். இன்று நாற்றங்காலில் வளர்ந்த மரத்துக்கு மனிதன் காயம் செய்து தருகிறான். பார்ப்பவன் அதில் முந்நூறு வருஷப் புயலைக் காண வேண்டும். புயலோ ஒரு பிற்பகலில் உளி வழியே வந்தது.

இது பொய்யா? படாத பாட்டைப் பட்டதாகக் காட்டுவதைக் கவிதையில் பாசாங்கு என்கிறோம், சரியாகவே சொல்கிறோம். மரத்தில் மட்டும் ஏன் மன்னிக்க வேண்டும்? கலை என்றாலே ஜோடனைதான் என்பது சோம்பேறித்தனமான பதில். மரத்தின் உள்வைரம் ஏற்கனவே உயிரற்றது. உயிர் ஓடுவது பட்டையை ஒட்டிய மெல்லிய அடுக்கில். வேரிலிருந்து இலைவரை அறுபடாத ஒரு கீற்று மிஞ்சினால் மரம் பிழைக்கும். எந்த வேர் எந்தக் கிளைக்கு நீர் ஏற்றுகிறது என்று தெரியாமல் உரித்தால் அந்தக் கிளை போய்விடும். ஆக, காயம் செய்கிறவன் உயிர் ஓடும் இடத்தை அறிந்தாக வேண்டும். செய்துவிட்டு அவன் நழுவவும் முடியாது. கோடையில் தினமும் தண்ணீர், சில வருஷங்களுக்கொரு முறை மண் மாற்றம். அவன் செத்தால் இன்னொருவன். போலிக் கவிதையின் துயரத்துக்கு அப்படி யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை.

இந்த நியாயம் எதுவரை செல்லும் என்று பார்க்க இன்னொரு மரத்திடம் போக வேண்டியிருக்கிறது. அமெரிக்கச் சுதந்திரத்தின் 200-வது ஆண்டையொட்டி 1976-ல் ஜப்பான் அளித்த 53 பான்ஸாய்களில் ஒன்று, மஸாரு யமாகி கொடுத்த வெள்ளைப் பைன். 1625 முதல் வளர்க்கப்பட்டதாகக் கணக்கு. வாஷிங்டனில் தேசிய மரத்தோட்டத்தில் இருக்கிறது. 2001-ல் யமாகியின் பேரன்கள் வந்து பார்த்தபோதுதான் பராமரிப்பவர்களுக்கு விஷயம் தெரிந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று, ஹிரோஷிமாவில், குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில், ஒரு சுவர் மறைவில் அது நின்றிருந்தது. இருபத்தைந்து வருஷம் பச்சையாக நின்ற மரத்தைப் பார்த்து யாரும் அதை ஊகிக்கவில்லை.

அந்த உண்மையைக் காட்டவென்று இதில் யாராவது ஒரு ஷாரி குடைந்தால்? நடந்தது நிஜம், காயம் மட்டும் செய்தது. கூடாது என்று உடனே தோன்றுகிறது. ஜூனிப்பரில் குடையும்போது இத்தனை தீர்மானமாகத் தோன்றவில்லை. அந்த மலைப்புயலுக்கு ஆள் சாட்சி கிடையாது. இதற்கு இருந்தார்கள், யமாகியின் வீட்டுக்குள்ளேயே, கண்ணாடிச் சில்லுகள் கீறிய உடம்போடு.